கருப்பைக் கழலையும் கற்றோரின் மௌனமும்

ஒரு பெண்பிள்ளை பூப்பெய்தினால் அதனை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் சமூகம் எம்முடையது. அழைப்பிதழ் அச்சிடப்படுகின்றது, பந்தல் எழுகின்றது, ஒலிபெருக்கி முழங்குகின்றது, ‘சாமத்திய வீடு’ என்ற பெயரிற் கடன்பட்டேனும் விருந்து நடைபெறுகின்றது. அதே பெண் தனது முப்பத்தைந்தாவது வயதிலோ நாற்பதாவது வயதிலோ, மாதத்திற் பத்து நாட்கள் குருதி பெருக, படியேறுகையில் மூச்சு வாங்க, வேலைத்தலத்திலே தான் அமர்ந்திருந்த கதிரையைத் திரும்பிப் பார்த்தவாறே எழ வேண்டிய நிலைக்கு உள்ளாகும்பொழுது, அந்தச் சமூகமே வாய்மூடிக்கொள்கின்றது. அவள் தாயிடம் சொல்வாள். தாய் “எல்லாருக்கும் உள்ளதுதானே” என்பாள். கணவனிடம் சொல்லத் தயங்குவாள். ஈற்றில் மயங்கி விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும்போதே அவளது கருப்பையிற் கழலை இருப்பது தெரியவரும்.

இம்மௌனம் கல்லாதோரிடத்து மட்டும் நிலவுவதன்று. பல்கலைக்கழகங்களிலே பெண் விடுதலை பற்றிக் கருத்தரங்கு நடத்தும் நாமும் இவ்விடயத்தில் அவர்களினின்றும் வேறுபட்டவர்களல்லேம். ஆதலின் இக்கட்டுரை முதலிற் கற்றோரை நோக்கியே எழுதப்படுகின்றது. இது மருத்துவப் பாடமன்று. வைத்தியரின் ஆலோசனைக்கு மாற்றீடுமன்று. எம்மிடையே கேள்விக்கு உட்படாது வழங்கிவரும் மூன்று கருத்துக்களை மறுப்பதே இதன் நோக்கம். ‘பிள்ளைப்பேறு நிறைவுற்ற பெண்ணுக்குக் கருப்பை தேவையற்ற உறுப்பு, எனவே கழலை கண்டவிடத்து அதனை அகற்றிவிடுவதே முறை’ என்பது முதலாவது. ‘கத்தி படாமலே கசாயத்தாற் கழலையைக் கரைத்துவிடலாம்’ என்பது இரண்டாவது. ‘சத்திரசிகிச்சை முடிந்ததும் நோய் முடிந்தது, அதற்குப் பின்னுள்ளவை வீட்டு விவகாரம்’ என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், பெண்ணின் உடல் பற்றிப் பெண்ணிடமே கேட்க வேண்டியதில்லை என்ற ஒரே அடித்தளத்தின்மீது எழுந்தவை.

முதலில் நோயின் தன்மையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். கருப்பையின் சுவர் மழமழப்பான தசையாலானது. அத்தசையின் கலமொன்று மிகையாகப் பெருகி, நாரிழையத்துடன் சேர்ந்து உருண்டையாகத் திரள்வதே நார்க்கழலையாகும். மக்கள் இதனைக் ‘கட்டி’ என்பர். வைத்தியசாலையில் ‘பைப்ரொயிட்’ என்பர். கடலை மணியளவினதாகவும் இருக்கலாம். வயிற்றை நிறைமாதம் போல உயர்த்தும் அளவினதாகவும் இருக்கலாம். ஒருத்தியிடத்தே ஒன்றும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் ஆகிய ஓமோன்கள் இதன் வளர்ச்சியைத் தூண்டுவன. அதனாலேயே பூப்புக்கு முன்னர் இது காணப்படுவதில்லை. மாதவிடாய் முற்றாக நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடுகின்றது.

இஃது அரிதான நோயுமன்று. ஐக்கிய அமெரிக்காவிலே கழியொலிப் பரிசோதனையின் துணைகொண்டு நடத்தப்பெற்று 2003 இல் வெளியான ஆய்வொன்று, ஐம்பது வயதை அடைவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 வீதத்தினரிடத்தும், கறுப்பினப் பெண்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோரிடத்தும் இக்கழலை தோன்றுவதாகக் காட்டியது. இவர்களுட் பலர் எவ்வித உபாதையும் இன்றி, கழலை இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிப்பவர்கள். கழலை இருக்கின்றது என்பது வேறு. கழலையால் நோயுற்றிருத்தல் என்பது வேறு. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. உபாதை தராத கழலைக்குப் பெரும்பாலும் சிகிச்சை வேண்டியதில்லை. காலத்துக்குக் காலம் கவனித்து வருதலே போதுமானது.

உபாதை தருவனவற்றிலும், கழலை எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும் எங்கே அமைந்துள்ளது என்பதே பல வேளைகளில் முக்கியமாகின்றது. கருப்பையின் உள்ளறையை நோக்கித் துருத்தி நிற்பது சிறிதாயினும் பெருங் குருதிப்போக்கை உண்டாக்கும், கருத்தரிப்புக்கும் இடையூறாகலாம். சுவரினுள்ளே புதைந்திருப்பது கருப்பையைப் பருக்கச் செய்து குருதிப்போக்கையும் நோவையும் தரலாம். வெளிப்புறமாக வளர்வது சலப்பையையும் குடலையும் அழுத்தி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதலையும் மலச்சிக்கலையும் தரலாம். சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் சம்மேளனம் 2011 இல் இவற்றை 0 முதல் 8 வரை வகுத்தமைக்குக் காரணமும் இதுவே. இருக்குமிடம் வேறுபடச் சிகிச்சையும் வேறுபடும். எனவே ‘கட்டி இருக்கிறது’ என்ற ஒற்றைச் சொல்லுடன் வீடு திரும்பும் பெண், தனது நோயின் பெயரை மட்டுமே அறிந்தவள், நோயை அறிந்தவளல்லள்.

‘கட்டி’ என்றதும் புற்றுநோய் என்ற அச்சம் எழுவது இயல்பு. இவ்வச்சமே பலரைச் சத்திரசிகிச்சைக்குத் துரத்துகின்றது. வேறு பலரை வைத்தியசாலைக்கு வராமலே தடுக்கின்றது. நார்க்கழலை புற்றுநோயன்று. கருப்பைத் தசையிலே தோன்றும் கொடிய புற்று வேறொன்று உண்டு. அது மிக அரிது. நார்க்கழலையெனக் கருதிச் சத்திரசிகிச்சைக்கு உட்படும் பெண்களில் ஏறத்தாழ 350 பேருக்கு ஒருவரிடம் அது மறைந்திருக்கலாம் என ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2014 இல் மதிப்பிட்டது. அதனிலும் குறைந்த மதிப்பீடுகளும் உள. மாதவிடாய் நின்றபின்னும் வளரும் கட்டி, நின்றபின் தோன்றும் குருதி, நாற்பத்தைந்து வயதைக் கடந்தோரின் ஒழுங்கற்ற குருதிப்போக்கு என்பன தாமதமின்றி ஆராயப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அரிதான ஓர் ஆபத்தைக் காட்டி, அனைவரையும் ஒரே வழியிற் செலுத்துதல் அறிவியலாகாது.

இனி முதலாவது கருத்துக்கு வருவோம். கருப்பையகற்றல் இன்று பாதுகாப்பான சத்திரசிகிச்சை. எப்போதும் அவ்வாறு இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வயிற்றைத் திறந்து இதனைச் செய்ய முற்பட்ட வைத்தியர்களின் நோயாளரிற் பெரும்பாலோர் மாண்டனர். ஐக்கிய அமெரிக்காவின் மசச்சுசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில், 1853 இல் வோல்ற்றர் பர்ணம் என்ற வைத்தியர் செய்த சத்திரசிகிச்சையின் பின் நோயாளி உயிர் பிழைத்தமை ஒரு திருப்பமாகக் கருதப்படுகின்றது. பின்னர் மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் குருதியேற்றலும் வளர்ச்சியுற, அச்சத்துக்குரியதாயிருந்த சத்திரசிகிச்சை அன்றாட நிகழ்ச்சியாயிற்று. இவ்வளர்ச்சி போற்றத்தக்கதே. ஆனால் செய்ய முடிந்தமை காரணமாகவே செய்ய வேண்டியதாகக் கருதும் மனப்பாங்கும் உடன் வளர்ந்தது.

இம்மனப்பாங்கை எதிர்த்த குரல் மருத்துவ உலகின் உள்ளிருந்தே எழுந்தது என்பது எம்மவர் பலர் அறியாத செய்தி. இலண்டனைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் விக்டர் பொனி (1872–1953) என்பவரின் மனைவி, மணமாகிச் சில காலத்துள் நார்க்கழலை காரணமாகக் கருப்பையை இழந்தார். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாது போயிற்று. பொனி தமது வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கருப்பையைக் காத்துக் கழலையை மட்டும் அகற்றும் முறையைச் செப்பனிடுவதிற் செலவிட்டார். ஒரே கருப்பையிலிருந்து 225 கழலைகளை அகற்றிக் கருப்பையைக் காத்த அவரது சத்திரசிகிச்சை மருத்துவ வரலாற்றிற் பேசப்படுவது. உறுப்பைக் காப்பதும் சத்திரசிகிச்சையின் கடமையே என வாதாடியவர் அக்காலத்தின் முன்னணிச் சத்திரசிகிச்சையாளருள் ஒருவர், மருத்துவத்துக்குப் புறம்பானவரல்லர்.

அன்று பொனிக்கு இருந்ததிலும் பார்க்க இன்று வழிகள் பல. குருதிப்போக்கைக் குறைக்கத் திரனெக்சமிக் அமில மாத்திரைகள் உள. லெவோனோஜெஸ்திரல் என்ற ஓமோனைச் சிறிது சிறிதாக வெளிவிடும் கருப்பையகச் சாதனம் 1990 இற் பின்லாந்தில் முதன்முதல் வழக்குக்கு வந்தது. உள்ளறை பெரிதும் சிதையாதவிடத்து அது குருதிப்போக்கை வெகுவாகக் குறைக்கும். சூலகத்தின் ஓமோன் உற்பத்தியைத் தற்காலிகமாக அடக்கிக் கழலையைச் சுருக்கும் ஊசிமருந்துகள் உள. எலும்பின் செறிவைக் குறைக்கும் தன்மையால் அவை நெடுங்காலத்துக்கு ஏற்றவையல்ல. சத்திரசிகிச்சைக்கு முன்னர் குருதிச்சோகையைத் திருத்த உதவுவன. வாயால் உட்கொள்ளும் ரெலுகோலிக்ஸ் கூட்டு மருந்து 2021 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. உள்ளறைக் கழலையை யோனி வழியாகச் செலுத்தும் நோக்குக் கருவி கொண்டு, வயிற்றிற் கீறலின்றியே அகற்றலாம்; பலர் அன்றே வீடு திரும்புவர். ஏனையவற்றை வயிற்றைத் திறந்தோ, சிறு துளைகள் வழியாகவோ அகற்றிக் கருப்பையைத் தைத்துவிடலாம். கழலைக்குக் குருதி கொண்டுசெல்லும் கருப்பை நாடியை நுண்துணிக்கைகளால் அடைத்து அதனைச் சுருங்கச் செய்யும் முறையைப் பாரிஸ் நகர வைத்தியர் சாக் ரவினாவும் அவரது குழுவினரும் 1995 இல் ‘லான்செற்’ இதழில் வெளியிட்டனர். காந்தப் படிமத்தின் வழிகாட்டலில் கழியொலியைக் குவித்துக் கழலையைச் சுட்டழிக்கும் முறை 2004 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவற்றுடன் கருப்பையகற்றலும் ஒரு வழி.

இவ்வழிகளில் எதுவும் குறையற்றதன்று. கழலையை மட்டும் அகற்றினாற் புதிய கழலைகள் தோன்றலாம். தைக்கப்பட்ட கருப்பை பின்னைய கர்ப்பத்திற் கவனமாகப் பேணப்பட வேண்டும். நாடியை அடைத்தால் வைத்தியசாலையிற் தங்கும் காலம் குறையும்; ஆனால் மீண்டும் ஒரு சிகிச்சை தேவைப்படும் வாய்ப்புக் கூடும் என 2007 இல் வெளியான பிரித்தானிய ஒப்பீட்டாய்வு காட்டியது. கழலையை மட்டும் அகற்றியவர்கள் நாடி அடைப்புக்கு உட்பட்டவர்களிலும் பார்க்க, ஈராண்டுகளின் பின் மேலான வாழ்க்கைத் தரத்தை எய்தியிருந்தனர் என 2020 இல் வெளியான பிறிதோர் ஆய்வு கண்டது. யூலிப்ரிஸ்ரல் என்ற மருந்து ஈரலைப் பாதித்தமையால் அதன் பாவனை 2020 இல் ஐரோப்பாவிற் கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. கருப்பையகற்றலின் நன்மையையும் மறைத்தலாகாது: கழலை மீண்டும் வாராது என்ற உறுதியை அளிப்பது அது ஒன்றே. ஆண்டுக்கணக்கில் துன்புற்றுப் பின்னர் அதனால் விடுதலை பெற்று, ‘முன்பே செய்திருக்கலாமே’ என்று கூறும் பெண்கள் பலர். எமது வழக்கு கருப்பையகற்றலுக்கு எதிரானதன்று. விளக்காமலும் வினவாமலும் அகற்றுவதற்கே எதிரானது. பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி, மிகைக் குருதிப்போக்கு என்ற ஒரே காரணத்துக்காகக் கருப்பையகற்றலை முதற் சிகிச்சையாகக் கொள்ளலாகாது என 2007 இலேயே அறிவுறுத்தியது என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

கருப்பையுடன் சூலகங்களையும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அகற்றிவிடும் வழக்கம் இதனிலும் பாரதூரமானது. சூலகங்கள் மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்திரஜனைச் சுரப்பன. அவற்றை முன்கூட்டியே அகற்றுதல் ஒரே இரவில் மாதவிடாய் முடிவைத் திணிப்பதாகும். உடற்சூடும் உறக்கமின்மையும் எலும்புத் தேய்வும் தொடரும். அமெரிக்கத் தாதியர் 29,380 பேரை உள்ளடக்கி 2009 இல் வெளியான ஆய்வு, சூலகங்களையும் இழந்தோரிடத்து மார்பு, சூலகப் புற்றுநோய்கள் குறைந்திருப்பினும், இருதய நோயும் மொத்த இறப்பும் கூடியிருந்ததைக் கண்டது. பரம்பரைப் புற்றுநோய் ஆபத்து உள்ளோருக்குச் சூலகம் அகற்றல் உயிர்காக்கும் செயலாகலாம். அது வேறு. அத்தகைய காரணமின்றி, நாற்பது வயதுப் பெண்ணிடம் கேளாது செய்வது வேறு.

இதற்கு எதிர்தரப்பார் கூறும் விடைகளை நாம் அறிவோம். ஒரு காலைப்பொழுதிற் பெருந்தொகையான நோயாளரைப் பார்க்கும் நிபுணருக்கு இவ்வளவையும் விளக்க நேரமேது என்பர். நவீன முறைகள் எல்லா மாவட்டங்களிலும் கிடைப்பனவல்ல என்பர். தூரத்திலிருந்து வரும் ஏழைப் பெண் திரும்பத் திரும்ப வரமாட்டாள். ஒரே முறையில் முடிப்பதே அவளுக்கு நன்மை என்பர். இவற்றில் உண்மையில்லை என்று யாம் கூறோம். இலவச மருத்துவ சேவையைத் தாங்கி நிற்கும் வைத்தியரும் தாதியரும் எமது நன்றிக்குரியவர்கள். எனினும், விளக்குதல் நிபுணர் ஒருவராலேயே செய்யப்பட வேண்டியதன்று. தாதியும் குடும்பநல உத்தியோகத்தரும் செய்யலாம். எளிய தமிழிலமைந்த நான்கு பக்கக் கைந்நூலும் செய்யலாம். அன்றியும், குருதி இழந்து வரும் பெண்ணின் ஈமோகுளோபின் அளவைச் சத்திரசிகிச்சைக்கு முன் உயர்த்துவதற்கு எப்படியும் சில வாரங்கள் வேண்டும். அவ்வாரங்களே அவள் சிந்தித்து முடிவெடுப்பதற்கான அவகாசமாகலாம். கிடைக்காத சிகிச்சையைப் பற்றிச் சொல்வதாற் பயனென்ன என்பதும் பொருந்தாது. உள்ளதென்று அறிந்தவரே கேட்பர். பலர் கேட்டாலன்றி எவ்வசதியும் மாவட்ட வைத்தியசாலையை வந்தடைந்ததில்லை.

கேள்வியற்ற கருப்பையகற்றல் எங்கே கொண்டுசென்று விடும் என்பதற்கு அண்டை நாடான இந்தியா சான்று. 2015–16 ஆம் ஆண்டுத் தேசிய குடும்பநல மதிப்பீட்டில், 15 முதல் 49 வயதுடைய பெண்களில் 3.2 வீதத்தினர் கருப்பை அகற்றப்பட்டவர்களாயிருந்தனர். ஆந்திரப் பிரதேசத்தில் அது ஏறத்தாழ 9 வீதமாகும். இவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் வைத்தியசாலைகளில் நிகழ்ந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000 க்கு மேற்பட்டோரிடையே 2019 இல் அரசு நடத்திய கணிப்பில், 13,000 க்கு மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தமை வெளிப்பட்டது. ஒருநாள் வேலைக்கு வராவிடிற் தண்டப்பணம் அறவிடும் ஒப்பந்தக்காரரிடம் உழைக்கும் பெண், மாதவிடாயே இல்லாதிருப்பது மேல் என்று கருதும் நிலைக்குத் தள்ளப்பட்டாள். 2023 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டு, தேவையற்ற கருப்பையகற்றலைத் தடுக்கும் வழிகாட்டிகளை மூன்று மாதங்களுள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களைப் பணித்தது. எமது நாட்டின் நிலை அதுவென யாம் கூறவில்லை. அரச வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை செய்வதால் இலாபம் பெறுவார் எவருமிலர். ஆயினும் தனியார் மருத்துவம் நகரங்களைக் கடந்து பரவிவரும் காலத்தில், ‘பயன் முடிந்த உறுப்பு’ என்ற கருத்தை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் சமூகம், அத்தகைய வணிகத்துக்கு வாயிலைத் திறந்து வைத்திருக்கும் சமூகமாகும்.

இரண்டாவது கருத்து, முதலாவதின் மறுதலை போல வருவது. சத்திரசிகிச்சை மீதான அச்சத்தை மூலதனமாகக் கொண்டு, கழலையை முற்றாகக் கரைப்பதாக உறுதி கூறும் மருந்துகள் விளம்பரஞ் செய்யப்படுகின்றன. சித்த மருத்துவத்தை இழித்துரைத்தல் எமது நோக்கமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே அது பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. முறையாகக் கற்ற வைத்தியர் தம் எல்லையை அறிவர். யாம் சாடுவது விற்பனையாளரையே. அவர்களின் வெற்றிக் கதைகளுக்கு விளக்கம் எளிது. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்ணின் கழலை, எதனை அருந்தினாலும் அருந்தாவிட்டாலும் சுருங்கும். குருதிப்போக்கும் மாதத்துக்கு மாதம் ஏறியிறங்கும் இயல்பினது. இறங்கிய மாதத்துப் புகழ் மருந்துக்குச் செல்கின்றது. ஏறிய மாதத்துப் பழி பத்தியம் தவறிய பெண்ணுக்குச் செல்கின்றது. இதற்கிடையில் அவளது குருதிச்சோகை முற்றுகின்றது. கர்ப்பமுறாத பெண்ணின் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஏழு, எட்டுக் கிராமுடன் தண்ணீர் சுமந்து, சமைத்து, வேலைக்கும் போய்வரும் பெண்ணைச் ‘சோம்பேறி’ என்று ஏசும் வீடுகளை நாம் காண்கின்றோம்.

இவ்விரு கருத்துக்களும் நிலைபெறுவதற்கு மொழியும் ஒரு காரணம். தமிழ்ச் சங்கத்தின் இதழில் இதனைச் சொல்லாது விடுதல் தகாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு உடற்கூறு, சத்திரவைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளைத் தமிழில் ஆக்கி, தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். அதனை நாம் விழாக்களிற் பெருமையாகப் பேசுகின்றோம். ஆனால் அதே மண்ணிற் பிறந்த பெண்ணுக்கு இன்று கிடைப்பது, “யூட்ரசை எடுக்கப் போகினம்” என்ற ஒரு வரியே. எது எடுக்கப்பட்டது எனப் பின்னர் வினவினால், “எல்லாம் எடுத்தாச்சு” என்பதே பலரது விடை. கருப்பைக் கழுத்து எஞ்சியுள்ளதா, சூலகங்கள் உள்ளனவா என்பதை அறியாத பெண், பத்தாண்டுகளின் பின் வேறொரு வைத்தியரிடம் தன் உடலைப் பற்றி எவ்வாறு சொல்வாள்? அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1987 இற் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சம்மதப் பத்திரம் தமிழில் அச்சிடப்படுவதோடு அதன் பயன் நிறைவுறாது. கையொப்பமிடுபவள் அதிலுள்ளதை விளங்கிக்கொண்டாலே அது சம்மதம். அன்றேல் அது காகிதம். புதுக் கவிதையின் படிமத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுத வல்ல தமிழ், கருப்பையின் மூன்று படைகளைப் பற்றி ஒரு பக்கத்தில் ஒரு தாய்க்கு விளக்கமாட்டாதெனின், குறை தமிழினதன்று. அதனைக் கையாளும் எம்மதே.

மூன்றாவது கருத்தே அன்றாட வாழ்விற் பெருந்தீங்கு செய்வது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் 31 ஆம் நாள் துடக்குக் கழிவு. துடக்கென்ற கருத்தை யாம் ஏற்கவில்லை. ஆயினும் அம்மரபுக்குள்ளே ஒரு நடைமுறை அறிவு பொதிந்திருந்தது: அந்நாட்களில் அவள் அடுப்படிக்குச் செல்ல வேண்டியதில்லை, சரக்கரைத்துக் கறியாக்கிக் கொடுக்க ஒருவர் உடனிருப்பார். அதே கருப்பையை வயிற்றைக் கீறி அகற்றிய பின்னரோ எந்த மரபும் இல்லை. எந்த நாட்கணக்கும் இல்லை. பிள்ளையின்றி வீடு திரும்பியவளுக்கு ஓய்வெதற்கு என்பதே எழுதப்படாத விதி. தையல் பிரித்த வாரமே கிணற்றடியில் நிற்கும் பெண்கள் உளர்.

உடலோ வேறு கணக்கை வைத்திருக்கின்றது. வயிற்றைத் திறந்து செய்யப்படும் கருப்பையகற்றலின் பின் உடல் தேற ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லும். யோனி வழியாகவோ சிறு துளைகள் வழியாகவோ செய்யப்பட்டிருப்பின் காலம் குறையும். ஆயினும் உள்ளே ஆற வேண்டிய காயம் ஒன்று உண்டு. வெளிக்காயம் ஆறியது கண்ணுக்குத் தெரியும், உட்காயம் தெரியாது. பாரந் தூக்குதலும் உடலுறவும் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குத் தவிர்க்கப்பட வேண்டியவை. ஓய்வென்பது படுத்தே கிடத்தலுமன்று: மறுநாளே எழுந்து சிறிது சிறிதாக நடத்தல், காலின் நாளங்களிற் குருதி உறைவதைத் தடுக்கும். பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு, கீரை ஆகியவற்றை விலக்குதல், காயம் ஆறுவதற்கு வேண்டிய புரதத்தையும் இரும்பையும் விலக்குதலாகும். இரும்புச்சத்து மாத்திரையைக் குருதிப்போக்கு நின்றதும் நிறுத்திவிடாது, வைத்தியர் கூறும் காலம்வரை தொடர வேண்டும். காய்ச்சல், மிகுந்த குருதி, துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், திடீர் மூச்சுத்திணறல் என்பன தோன்றின் உடனே வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். இவற்றை வீட்டிலுள்ள ஆண்களும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் பெண் ‘பொறுத்துக்கொள்ளலாம்’ என்றே சொல்வாள்.

உள்ளத்தின் கணக்கும் உண்டு. பிள்ளை பெறாத பெண் கருப்பையை இழக்கும்போது அவள் இழப்பது ஓர் எதிர்பார்ப்பை. அதற்காக அழும் உரிமை அவளுக்குண்டு. பிள்ளை பெற்றவளும் அழலாம். மறுபுறம், கருப்பை போனாற் பெண்மை போயிற்று என்பதும், இல்லறவாழ்வு முடிந்தது என்பதும் வெறுங் கற்பிதங்கள். சூலகங்கள் காக்கப்பட்டவிடத்து ஓமோன் சுரப்புத் தொடரும். குருதிப்போக்கும் நோவும் நீங்கியபின் இல்லறவாழ்வு சீரடைந்ததாகக் கூறும் பெண்கள் பலர். இவ்வுண்மையை அவளுக்கு மட்டுமன்றிக் கணவனுக்கும் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஓய்வெடுக்கும் உரிமை வர்க்கத்தாற் பிளவுண்டிருக்கின்றது என்பதையும் மறத்தலாகாது. விரிவுரையாளர் மருத்துவ விடுப்பெடுக்கலாம். அவர் வீட்டில் வேலைக்கு அமர்த்தப்பட்ட பெண் எடுக்கவியலாது. வேலை செய்த நாளுக்கே கூலி பெறும் தோட்டத் தொழிலாளப் பெண்ணிடம், ஆறு வாரம் பாரந் தூக்காதே என்பது மருத்துவ அறிவுரையாக ஒலிப்பதில்லை. பட்டினிக்கான அழைப்பாகவே ஒலிக்கின்றது. கொழுந்துக்கூடை பாரமன்றி வேறென்ன? மகப்பேற்று விடுமுறைக்குச் சட்டமுண்டு. பிள்ளையொன்றைத் தராத சத்திரசிகிச்சைக்கு அத்தகைய தனிப் பாதுகாப்பு இல்லை. சமூகம் பெண்ணின் உடலுக்கு மதிப்பளிப்பது அது பிறருக்கு ஒன்றைத் தரும்போது மட்டுமே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இறுதியாக எமது பணி யாது? 1996 முதல் நாடெங்கும் இயங்கிவரும் சுகவனிதையர் கிளினிக்குகள் முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்காக ஏற்பட்டவை. அவற்றுக்குச் செல்லுமாறு எமது தாய்மாரையும் தமக்கையரையும் வலியுறுத்துவது எவருக்கும் கடினமன்று. மருத்துவபீடத் தமிழ் மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒன்றிணைந்து, கருப்பைக் கழலை பற்றியும் அதன் சிகிச்சை வழிகள், பின்னைய பராமரிப்புப் பற்றியும் ஒரு சிறு கைந்நூலை ஓராண்டுக்குள் ஆக்கலாம். வைத்திய நிபுணர் ஒருவர் அதனைச் சரிபார்த்து, வைத்தியசாலை வெளிநோயாளர் பகுதியில் வழங்கச் செய்யலாம். சங்கத்தின் கலைவிழாச் செலவில் ஒரு சிறு பகுதி அதற்குப் போதும். பல்கலைக்கழகத்தினுள்ளும் ஒன்று செய்தல் வேண்டும். மிகைக் குருதிப்போக்காற் பரீட்சைக்கு வரமுடியாத மாணவி, இன்று ‘வயிற்றுநோ’ என்று எழுதித் தரும்படி வைத்தியரை வேண்டுகின்றாள். உள்ளதை உள்ளவாறு எழுதினால் விரிவுரையாளர் முகஞ்சுளிப்பார் என்ற அச்சமே காரணம். அம்முகச்சுளிப்பு நீங்குவதற்குச் சட்டமோ நிதியோ வேண்டியதில்லை.

கத்தியை வேண்டாமென்பது எமது கோரிக்கையன்று, வேண்டுமென்பதும் அன்று. கத்திக்கு முன்னர் அவளுக்கு விளங்கும் மொழியில் ஒரு விளக்கமும் ஒரு வினாவும், கத்திக்குப் பின்னர் ஆறு வார ஓய்வும், ஒரு நேரச் சோற்றை ஆக்கிக் கொடுக்க இன்னொருவர் கையும் வேண்டுமென்பதே. இவற்றுள் முன்னையதை வைத்தியசாலையிடம் கேட்போம். பின்னையதை எமது வீடுகளிலிருந்தே தொடங்குவோம்.